சத்தத்தில் தூங்குகிறவர்

பேக்கரிக்காரர் ஒரு சொல் சொன்னார். மகள் ஒரு பதில் சொன்னாள். இரண்டுக்கும் நடுவில் உட்கார்ந்திருந்த மாப்பிள்ளை ஒன்றுமே சொல்லவில்லை. அவர் சொல்லாத அந்த ஒன்றுதான் ஒரு வாரமாக இந்தக் குடும்பத்தில் யாரையும் நிம்மதியாகச் சாப்பிடவிடவில்லை.

போன ஞாயிறு மகள் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் நடந்த கதை அது. மாப்பிள்ளை ஒரு ராக் இசைக்குழுவில் பேஸ் கிட்டார் வாசிப்பவர். மாமனாரும் மாமியாரும் மதியம் விருந்துக்குப் போன நேரத்தில்தான் படுக்கையை விட்டு எழுந்து வந்தார். "ராத்திரி முழுக்க சத்தம் போட்டுட்டு, பகல்ல படுத்துத் தூங்குறது ஒரு தொழிலா?" என்று மாமனார் கேட்டுவிட்டார். "நீங்களும் ராத்திரியிலதாம்பா வேலை பாக்குறீங்க" என்றாள் மகள். மாப்பிள்ளை எழுந்து, தன் தட்டோடு மாமனாரின் தட்டையும் எடுத்துக்கொண்டு போய்க் கழுவி வைத்துவிட்டு, பால்கனியில் போய் நின்றுகொண்டார்.

பேக்கரியம்மா அன்றிலிருந்து இதையே நினைத்துக்கொண்டிருந்தாள். கோபத்தில் எழுந்துபோகிறவன் கோபப்படுத்தியவரின் தட்டையும் சேர்த்தா கழுவுவான்? அந்தப் பிள்ளைக்கு மனசு விட்டுப்போகவில்லை. வலித்திருக்கிறது, அவ்வளவுதான். வலிக்கு மருந்து உண்டு.

ஆனால் பேக்கரிக்காரருக்கும் ஒரு பழைய குறை இருந்தது. கல்யாணமான புதிதில் மகளும் மாப்பிள்ளையும் பேக்கரி மாடியில் ஒரு வாரம் தங்கினார்கள். தினமும் ராத்திரி, கீழே மாவு பிசையும் மிஷின் ஓடிக்கொண்டிருக்கும்போது, மாப்பிள்ளை மாடிப்படியில் வந்து உட்கார்ந்துகொள்வார். மிஷின் நின்று பேக்கரிக்காரர் ரொட்டி உருட்ட இறங்கி வரும்போதும், கண்ணை மூடி, முட்டியில் விரலால் தட்டிக்கொண்டே இருப்பார். பேக்கரிக்காரரும் அவர் தம்பியும் வியர்வை வழிய வேலை பார்க்க, ஒரு தட்டை எடுத்துக் கொடுக்கக்கூட எழுந்து வந்ததில்லை. "சும்மா உக்காந்து வேடிக்கை பாக்குற பிள்ளை" என்று அவர் மனைவியிடம் சொன்னது ஒரே ஒரு தடவைதான். ஆனால் மனதிலிருந்து அதை அவர் இறக்கி வைக்கவே இல்லை.

இந்த நிலையில்தான் அம்மாவின் கைபேசிக்கு இரண்டு டிக்கெட் வந்தது. சனிக்கிழமை, ஊர் எல்லையிலிருக்கும் பெரிய மைதானத்தில் கச்சேரி. மகள் சுருக்கமாகத்தான் பேசினாள். மேடையிலிருந்து பார்த்தால் தெரிகிற மாதிரி மூன்றாவது வரிசையில் இடம். டிக்கெட் எடுத்தது அவள் இல்லை, அவர். நாலாவது பாட்டுக்கு மட்டும் அப்பா கட்டாயம் இருக்க வேண்டுமாம். எதற்கு என்று கேட்டால் சிரிக்கிறாராம். திங்கள்கிழமை குழுவோடு வெளியூர்ப் பயணம் கிளம்பினால், இரண்டு பேரும் திரும்பி வர மூன்று மாதம் ஆகும்.

மூன்று மாதம். பேசாமல் கிடக்கிற மூன்று மாதம் மூன்று வருஷமாக இறுகிவிடும் என்பது பேக்கரியம்மாவுக்குத் தெரியும். மாவும் மனசும் ஒன்று. ஈரம் இருக்கும்போதே வளைத்துவிட வேண்டும். இந்த மனுஷரை அந்த நாற்காலியில் உட்கார வைத்து, நாலாவது பாட்டைக் கேட்க வைத்து, அது மாப்பிள்ளை கண்ணில் பட்டுவிட்டால் போதும். வேறொன்றும் அவள் கேட்கவில்லை.

போக முடியாது என்றுதான் பேக்கரிக்காரர் முதலில் சொன்னார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. கல்யாணமான நாளிலிருந்து, விளக்கு வைக்கும் நேரத்துக்கு அவர் படுக்கைக்குப் போய்விடுவார். அவருடைய தம்பி கீழே மிஷினைப் போடுவார். மாவு பிசைந்து முடித்து மிஷின் நிற்கிற அந்த நொடியில் இவர் கண் விழித்து, இறங்கி வந்து, ரொட்டி உருட்ட நிற்பார். அலாரம் என்று ஒன்று அந்த வீட்டில் இருந்ததே இல்லை. மிஷின் ஓடினால் தூக்கம், நின்றால் விழிப்பு. இடி விழுந்தாலும் இடையில் எழமாட்டார்.

இதனால் பேக்கரியம்மா புருஷனோடு வெளியே போய் ஓர் இரவைப் பார்த்ததே இல்லை. யார் வீட்டு விசேஷமானாலும், அந்தி சாய்ந்தால் இவர்கள் கிளம்பிவிடுவார்கள். அதை அவள் குறையாகச் சொன்னதும் இல்லை. இந்தத் தடவை மட்டும், "எனக்காக ஒரு ராத்திரி" என்றாள். அவர் அவளைப் பார்த்தார். அப்புறம் தன் நல்ல சட்டைக்கு இஸ்திரிப் பெட்டி போடச் சொன்னார்.

சனிக்கிழமை மத்தியானம் அவர் தூங்கவில்லை. அடுப்படியிலேயே நின்று வெண்ணெய் பன் போட்டார். கடைக்கு இல்லை. ஒரு துணிப்பை நிறைய அடுக்கி, மேலே சுத்தமான துண்டு போட்டு மூடினார். மாப்பிள்ளைக்கும் அவர் குழுவுக்கும் என்று அவர் சொல்லவில்லை, அவள் கேட்கவும் இல்லை. சில பேருக்கு மன்னிப்பு வாயில் வராது, கையில்தான் வரும்.

கிளம்பும்போது, மாவு பிசையும் பட்டறை வாசலில் நின்று மிஷினை ஒரு தடவை ஓட்டிப் பார்த்தார். தட், தட், கீச், தட். அந்தக் 'கீச்' பெல்ட்டின் சத்தம். நைந்துபோன பெல்ட். மாற்றச் சொல்லிச் சொல்லித் தம்பிக்கும் காது தேய்ந்துவிட்டது.

"நாளைக்குக் காலையில முதல் வேலை அதாண்ணே" என்றார் தம்பி. அந்த வீட்டில் அவருக்கு 'நாளைக்கு' என்றுதான் பெயர். குழந்தையிலிருந்தே அப்படித்தான். தங்கமான மனுஷர், ஆனால் அவருடைய இன்றைக்குகள் எல்லாம் நாளைக்குத்தான் நடக்கும்.

பஸ்ஸில் ஜன்னல் ஓரம் அவர், பக்கத்தில் அவள். தெருவிளக்குகள் ஒவ்வொன்றாக எரியத் தொடங்கின. கடைக்கு எதிரே இருக்கும் மருந்துக்கடையைத் தாண்டும்போது அவர் கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அந்த போர்டுல பச்சை லைட் எரியுதே."

"அது எப்பவும் எரியுங்க."

"எனக்கு இன்னிக்குத்தான் தெரியும்."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அதோடு, சொல்லத் தெரியாத ஒரு சந்தோஷமும் வந்தது. நல்ல செருப்பு காலைக் கடித்தது. கடிக்கட்டும் என்று விட்டுவிட்டாள். மைதானத்துக்கு முன்னால் இறங்கியதும், அவருக்குத் தூக்கம் வரக்கூடாதென்று கெட்டியாக ஒரு காப்பி வாங்கிக் கொடுத்தாள். குடித்து முடித்ததும் இன்னொன்று வாங்கிக் கொடுத்தாள்.

வாசலில்தான் முதல் தடங்கல். பையைச் சோதித்த காவல்காரப் பெண் துண்டைத் தூக்கிப் பார்த்துவிட்டு, வெளிச் சாப்பாடு உள்ளே போகக்கூடாது என்றாள். பெரியவர் வருத்தப்படக்கூடாதே என்று மரியாதையாகத்தான் சொன்னாள். சட்டம் அப்படியாம். அதோ அந்தப் பீப்பாயில் போட்டுவிட்டுப் போகலாமாம்.

பேக்கரிக்காரர் அந்தப் பீப்பாயைப் பார்த்தார். உள்ளே நசுங்கிய குளிர்பானக் குப்பிகள் கிடந்தன. அவர் கடையில் காய்ந்த ரொட்டிகூடக் குப்பைக்குப் போனதில்லை. அது ரஸ்க் ஆகும், தூள் ஆகும், கடைசியில் கோழிக்காவது ஆகும். கடவுள் கையில் கொடுத்ததைக் கீழே போடுகிறவனுக்கு அவர் மறுபடி கொடுக்க யோசிப்பார் என்பது இவருடைய நம்பிக்கை.

அவர் திரும்பி வரிசையைப் பார்த்து நின்றார். கறுப்புச் சட்டையும் கிழிந்த கால்சட்டையுமாக நீண்ட வரிசை. முன்னால் நின்றவனிடம் ஒரு பன்னை நீட்டினார். அவன் பின்னால் நகர்ந்தான். அடுத்தவன் காதிலிருந்ததைக் கழற்றிவிட்டு, என்ன விளம்பரம் என்று கேட்டான். நல்ல சட்டை போட்ட ஒரு பெரியவர் காசு கேட்காமல் பன் கொடுத்தால் யாருக்குத்தான் சந்தேகம் வராது?

தலைமுடியைப் பச்சையாக்கியிருந்த ஒரு பெண்தான் முன்னால் வந்தாள். "எவ்வளவுங்க?"

"விலை இல்லம்மா. பசிக்குதா?"

அவள் கொஞ்சம் யோசித்தாள். "பசிக்குது."

"அப்ப எடுத்துக்கோ."

அவள் கடித்தாள். கண்ணை மூடினாள். பிறகு பின்னால் நின்ற கூட்டத்தைத் திரும்பிப் பார்த்துத் தலையாட்டினாள். அவ்வளவுதான், கைகள் நீண்டன. பேக்கரியம்மாவும் சேர்ந்து கொடுத்தாள். உள்ளே முதல் பாட்டு ஆரம்பித்துவிட்டது. அவர் அவசரப்படவில்லை. கடையில் நிற்பது போலவே ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்துக் கொடுத்தார். காவல்காரப் பெண்ணுக்கும் ஒன்று போயிற்று. மாப்பிள்ளைக்கு என்று வந்ததெல்லாம் யார் யார் வயிற்றுக்கோ போய்ச் சேர்ந்தது.

பை காலியானபோது அவர் முகத்தில் இருந்த பதற்றத்தை அவள் கவனித்தாள். வெறுங்கையோடு போகிறோமே என்ற பதற்றம். அவளுடைய கைப்பையைச் சோதிக்க வாங்கிய காவல்காரப் பெண், தனக்குக் கிடைத்த பன்னைக் காகிதத்தில் சுற்றி அதற்குள் வைத்தாள். "மாத்திரை கீத்திரை போட்டுக்கிறதா இருந்தா ஒண்ணு உள்ள இருக்கட்டும்மா. நான் பாக்கல" என்றாள். பேக்கரியம்மா எந்த மாத்திரையும் சாப்பிடுகிறவள் இல்லை.

உள்ளே சத்தம் சுவர் மாதிரி வந்து மோதியது. தரை அதிர்வது செருப்பு வழியாக முழங்கால் வரை ஏறியது. அவர் இரண்டு காதையும் பொத்திக்கொண்டே நாற்காலியைத் தேடினார். அவருக்கு அந்தப் பக்கத்து நாற்காலியில் யாரென்று பார்த்தால், பச்சை முடிப் பெண். நகர்ந்து உட்கார்ந்து சிரித்தாள்.

மேடையில் பாடுகிற நெட்டைப் பையன் துள்ளினான். டிரம்ஸ்காரன் கண்ணுக்குத் தெரியாமல் வெறும் கையாக மட்டும் இருந்தான். இடது ஓரத்தில் நம் மாப்பிள்ளை அசையாமல் நின்று வாசித்துக்கொண்டிருந்தார். நாலு பேர் ஆடுகிற வீட்டில் ஒருவர் தூணாக நிற்க வேண்டாமா, அப்படி. அவர் பார்வை மூன்றாவது வரிசைக்கு வந்தது, நின்றது. தலையை லேசாக அசைத்தார்.

"பாத்துட்டாருங்க" என்று அவள் புருஷன் காதில் கத்தினாள். அவரும் விறைப்பாகத் தலையை அசைத்தார். மெல்லக் காதிலிருந்து கையை எடுத்தார். இரண்டாவது பாட்டு. மூன்றாவது பாட்டு. வானத்தில் நட்சத்திரங்கள் இருந்தன, கீழே ஆயிரம் கைபேசி வெளிச்சம் இருந்தது. இப்படி ஓர் இரவு தினமும் வெளியே நடந்துகொண்டா இருந்தது என்று அவள் ஆச்சரியப்பட்டாள். அவர் கை தன் கைமேல் இருப்பதை அப்புறம்தான் கவனித்தாள்.

நாலாவது பாட்டு ஆரம்பித்தது.

பேஸ் கிட்டார்தான் தொடங்கியது. கனமாக இரண்டு அடி, நடுவில் மற்றொரு கிட்டார் மெலிதாக ஒரு கிறீச்சல், மறுபடி ஓர் அடி. அது திரும்பத் திரும்ப வந்தது. பிறகு டிரம்ஸ் சேர்ந்து மைதானமே குலுங்கியது. பேக்கரியம்மாவுக்கு என்னவோ நினைவுக்கு வருவது போலிருந்தது. கடையில் எதையோ மூட மறந்துவிட்டு வந்த மாதிரி. அது என்னவென்று பிடிபடுவதற்குள், தன் கைமேல் இருந்த கை தளர்ந்து நழுவியது.

திரும்பினாள். பேக்கரிக்காரர் தூங்கிவிட்டார்.

சாதாரணத் தூக்கம் இல்லை. வாய் திறந்து, தலை சாய்ந்து, பச்சை முடிப் பெண்ணின் தோளில் இறங்கிவிட்டது. ஊரே எழுந்து நின்று ஆடுகிற பாட்டில், சொந்தக் கட்டிலில் கிடப்பது போல ஒரு தூக்கம்.

அவள் கையைக் கிள்ளினாள். முழங்கையால் இடித்தாள். நல்ல செருப்பின் குதிகாலால் அவர் காலை மிதித்தாள். ஒன்றும் நடக்கவில்லை.

அந்த நேரம் பார்த்துத்தான் மகள் வந்தாள். வாசல் பக்கம் குழுவின் பெயர் போட்ட பனியன்களை விற்றுக்கொண்டிருந்தவள், இந்தப் பாட்டுக்காகக் கடையை இன்னொருத்தியிடம் விட்டுவிட்டு ஓடி வந்திருந்தாள். அப்பாவைப் பார்த்தாள். முகத்திலிருந்த சிரிப்பு அப்படியே வடிந்தது.

"இந்தப் பாட்டுதாம்மா" என்றாள். "இதுக்கு மட்டும் அப்பா இருந்தாப் போதும்னார்."

பேக்கரியம்மா மறுபடி உலுக்கினாள். பச்சை முடிப் பெண் அவள் கையைப் பிடித்து நிறுத்தினாள். "பாவம், விடுங்கக்கா. எனக்கு ஒண்ணும் வலிக்கல" என்றாள்.

"தூங்கணும்னா வீட்லயே தூங்கியிருக்கலாமே. இவ்வளவு தூரம் வந்து, அவர் கண்ணு முன்னாடி தூங்கணுமா?" மகளின் குரல் சத்தத்துக்குள் பாதி கரைந்துவிட்டது. கண்ணில் தண்ணீர் நின்றது. காப்பி இரண்டு, கிள்ளல் மூன்று, அதற்குமேல் ஒரு பெண்டாட்டியால் என்ன செய்ய முடியும்?

அவள் கண்ணை மூடி வேண்டிக்கொண்டாள். கடவுளே, இந்த மனுஷர் கண்ணைத் திற. இல்லையென்றால் மாப்பிள்ளை கண்ணை இந்தப் பக்கம் திருப்பாமலாவது வை.

கண்ணைத் திறந்தபோது இவர் தூங்கிக்கொண்டிருந்தார், மாப்பிள்ளை நேராக இங்கேயே பார்த்துக்கொண்டிருந்தார். கேட்ட இரண்டில் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. மேலே இருப்பவர் நாம் கேட்டதைத் தராத நேரத்தில் வேறொன்றை எடுத்து வைத்துக்கொண்டு நிற்பார் என்பது அப்போது நமக்கு எங்கே தெரிகிறது?

பாட்டு உச்சத்துக்குப் போய், வெட்டினாற்போல் நின்றது. விளக்குகள் அணைந்தன. ஒரே ஒரு வெளிச்சம் மாப்பிள்ளைமேல் விழுந்தது. அடுத்தது அவர் தனியாக வாசிக்கிற மெதுவான பாட்டு. மைதானம் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தது.

அந்த அமைதியில் பேக்கரிக்காரர் விருட்டென்று எழுந்து நின்றார். மிஷின் நின்றால் எழுகிறவர் அல்லவா? கண் இன்னும் சரியாகத் திறக்கவில்லை. பட்டறையில் பேசிப் பழகிய குரல். அதற்கு மைக் தேவையில்லை.

"மாவு ஆயிருச்சு. தட்டை எடுத்து வைப்பா."

முதலில் ஒருவரும் சிரிக்கவில்லை. பிறகு ஓர் ஓரத்தில் ஆரம்பித்து மைதானம் முழுக்கச் சிரிப்பு பரவியது. "பன் மாமா" என்று யாரோ ஒருவன் கத்தினான். வரிசையில் பன் தின்றவர்கள் எல்லாம் அந்தப் பெயரைப் பிடித்துக்கொண்டார்கள். பேக்கரிக்காரர் முழுதாக விழித்து, தான் எங்கே நிற்கிறோம் என்று தெரிந்துகொண்டார். பேக்கரியம்மாவுக்கு நாற்காலிக்கு அடியில் போய்விடலாம் போலிருந்தது. மகள் முகத்தைக் கையால் மூடிக்கொண்டாள்.

மேடையில் மாப்பிள்ளை நெற்றியில் கையை வைத்து, வெளிச்சத்துக்குக் குறுக்கே இந்தப் பக்கம் பார்த்தார். மைக்கிடம் குனிந்தார்.

"தட்டு வருது மாமா. இந்த ஒரு பாட்டு மட்டும் முடிச்சிடுறேன்."

கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆயிற்று. அவர் குரலில் கோபம் இல்லை. அத்தனை நாளும் பூட்டிக்கிடந்த அந்த வாயில் இப்போது சிரிப்பு இருந்தது. அம்மாவும் மகளும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒன்றும் புரியவில்லை.

மெதுவான பாட்டு முழுவதையும் பேக்கரிக்காரர் நின்றுகொண்டே கேட்டார். உட்காரச் சொன்னாலும் உட்காரவில்லை. உட்கார்ந்தால் மறுபடி தூங்கிவிடுவோமோ என்ற பயம். வகுப்பில் மாட்டிக்கொண்ட பையன் மாதிரி, கையைக் கட்டி, கண்ணை அகல விரித்து நின்றார்.

கச்சேரி முடிந்ததும், நேரே பஸ்ஸுக்குப் போய்விடலாம் என்று மகள் சொல்லிப் பார்த்தாள். அவளுக்கு இன்னும் ஆறவில்லை. அவர் கேட்கவில்லை. காலிப் பையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு மேடைக்குப் பின்னால் நடந்தார். மாப்பிள்ளை வேன் பக்கத்தில் நின்று ஒயர்களைச் சுருட்டிக்கொண்டிருந்தார்.

"மாப்பிள்ளை, நான் தூங்கிட்டேன்" என்றார் பேக்கரிக்காரர். "உடம்பு சரியில்ல, அது இதுன்னு பொய் சொல்ல வரல. நீங்க கேக்கச் சொன்ன பாட்டுலதான் தூங்கினேன்."

"எந்த இடத்துல தூங்கினீங்க மாமா?"

கேள்வி விசித்திரமாக இருந்தது. ஆனாலும் மதித்துக் கேட்கிறாரே என்று, அவர் வேனின் கதவில் கையால் தட்டிக் காட்டினார். "இப்படி வந்துச்சே, தட், தட்…" நடுவில் வாயாலேயே ஒரு கீச் போட்டு, மறுபடி தட்டப்போன கை அந்தரத்தில் நின்றது.

வேன் கதவைப் பார்த்தார். மாப்பிள்ளையைப் பார்த்தார்.

"இது நம்ம மிஷினாச்சே."

மாப்பிள்ளை ஒயரைக் கீழே வைத்தார். அந்த ஒரு வாரம் மாடியில் தூக்கம் வராமல், அந்தச் சத்தத்தைக் கேட்கத்தான் படிக்கு வந்தாராம். இரண்டு அடி, ஒரு கிறீச்சல், ஓர் அடி. கேட்கக் கேட்க அது விரலில் ஏறிவிட்டதாம். அதை வைத்துப் பாட்டுக் கட்டி ஒரு வருஷமாகிறது. முதலில் மாமாவுக்குத்தான் வாசித்துக் காட்ட வேண்டும், சொல்லாமலே அவர் கண்டுபிடிக்க வேண்டும் என்று ஆசையாம். போன ஞாயிறு அதைச் சொல்லலாம் என்றுதான் இருந்தாராம். அதற்குள் பேச்சு வேறு பக்கம் போய்விட்டதாம்.

"கண்டுபிடிக்காம தூங்கிட்டேனே" என்றார் பேக்கரிக்காரர். குரல் இறங்கியிருந்தது.

"அந்தச் சத்தத்தைத் தவிர வேற எதுக்கும் நீங்க இப்படித் தூங்கமாட்டீங்கன்னு அத்தை சொல்லியிருக்காங்க. நீங்க சாய்ஞ்சதைப் பாத்ததும்தான் மாமா, நான் சரியா வாசிக்கிறேன்னு எனக்கே நம்பிக்கை வந்துச்சு."

மகள் சிரித்துவிட்டாள். கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள். பேக்கரிக்காரர் மட்டும் சிரிக்கவில்லை. அவருக்கு இன்னும் ஒன்று பாக்கி இருந்தது.

"அப்ப படியில உக்காந்து தட்டுனது இதுதானா? நான் வேற மாதிரி நினைச்சேன். ஒரு கை குடுக்க வரலையேன்னு."

மாப்பிள்ளை தலையைக் குனிந்துகொண்டார். "வரணும்னுதான் நினைச்சேன். யாரும் கூப்பிடல. உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல எங்க நிக்கிறதுன்னும் தெரியல."

"நான்தான் கூப்பிட்டிருக்கணும்" என்றார் மாமனார்.

பேக்கரியம்மா கைப்பையைத் திறந்து அந்தப் பன்னை எடுத்தாள். நசுங்கி அப்பளமாகியிருந்தது. மாப்பிள்ளை அதை நாலாகப் பிய்த்தார். நாலு பேரும் மைதானத்து இருட்டில் நின்று தின்றார்கள். அவள் வாழ்க்கையில் தின்ற எந்த விருந்தும் அதற்கு ஈடாகாது.

வேனில் மகளும் மாப்பிள்ளையும் வீட்டில் கொண்டுவந்து விடுவதாக ஏற்பாடு. இன்ஜின் உறுமத் தொடங்கியதுமே பேக்கரிக்காரர் தூங்கிவிட்டார். இந்தத் தடவை யாரும் கிள்ளவில்லை. பேக்கரியம்மா செருப்பைக் கழற்றிவிட்டு, ஜன்னல் வழியே எரிகிற விளக்குகளையெல்லாம் பார்த்துக்கொண்டு வந்தாள். மருந்துக்கடைப் பச்சை வெளிச்சம் வந்தது. வேன் நின்றது. இன்ஜின் அணைந்தது.

பேக்கரிக்காரர் கண் விழித்தார். தலையைச் சாய்த்துக் காது கொடுத்தார்.

இந்நேரம் மிஷின் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். ஓடவில்லை.

பட்டறை வாசலில் 'நாளைக்கு' நின்றுகொண்டிருந்தார். கையில் அறுந்துபோன பெல்ட் செத்த பாம்பு போலத் தொங்கியது. "காலையில மாத்திரலாம்னு பாத்தேண்ணே" என்று ஆரம்பித்தவர், அண்ணன் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். உள்ளே தொட்டி நிறையப் பாதி பிசைந்த மாவு. விடிந்தால் ஆஸ்பத்திரிக்கு ரொட்டி போக வேண்டும். நோயாளிகளின் காலைச் சாப்பாடு அது. ஒரு நாளும் தவறியதில்லை.

பேக்கரிக்காரர் தம்பியைத் திட்டவில்லை. இன்றைய இரவில் எல்லோருக்கும் ஒரு மன்னிப்பு இருந்தது, அதில் ஒரு துண்டு தம்பிக்கும் போயிற்று. நல்ல சட்டையின் கையை மடித்துவிட்டார். கையாலேயே பிசைந்துவிடலாம், அந்தக் காலத்தில் அப்படித்தானே என்று சொல்லி, மாப்பிள்ளையை வீட்டுக்குப் போகச் சொன்னார். விரலை நம்பிப் பிழைக்கிறவர், மாவில் விடக்கூடாது என்றார்.

மாப்பிள்ளை அந்த மாடிப்படியை ஒரு தடவை பார்த்தார். அதைத் தாண்டி உள்ளே போனார்.

"அத்தை, கை எங்க கழுவணும்?"

அவள் குழாயைக் காட்டினாள். அவர் மணிக்கட்டிலிருந்த கயிறுகளை அவிழ்த்து வைத்துவிட்டு, முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு வந்து, தொட்டிக்கு முன்னால் எந்தப் பக்கம் போவது என்று தயங்கி நின்றார்.

பேக்கரிக்காரர் நகர்ந்து இடம் விட்டார். "இங்க வாங்க. எம் பக்கத்துல நில்லுங்க" என்றார்.

இரண்டு ஜோடிக் கைகளும் ஒன்றாக மாவில் இறங்கின. சிறிது நேரத்தில் யாரும் சொல்லாமலே அதற்கு ஒரு தாளம் வந்துவிட்டது. 'கீச்' மட்டும் இல்லை.

அப்போது மகளின் கைபேசி ஒளிர்ந்தது. நெட்டைப் பையனிடமிருந்து செய்தி. பயண ஏற்பாடு மாறிவிட்டது. திங்கள்கிழமை இல்லை, இன்று விடிவதற்குள் குழு கிளம்புகிறது, இருவரும் உடனே மைதானத்துக்குத் திரும்ப வேண்டும்.

மகள் படித்தாள். தொட்டியருகே ஒட்டி நிற்கிற இரண்டு முதுகுகளையும் பார்த்தாள். இந்த மாவு முடியட்டும் என்று, கைபேசியை மாவு மூட்டையின்மேல் குப்புற வைத்துவிட்டு, ஒன்றும் நடக்காதது போலத் தன் சட்டையின் கையை மடித்தாள்.

ஒருவரும் கவனிக்கவில்லை என்றுதான் அவள் நினைத்தாள். ஆனால் கைபேசி கவிழ்வதற்குள் அந்தச் செய்தியை அம்மா பார்த்துவிட்டாள்.